பக்கத்துக் கவுண்டியில் தேடு

விஸ்கான்சின்,
மார்ச் 2, 1986

அன்பு மகள் மார்லிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் பனி விழப்போவதை ரேடியோவுக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? பள்ளிக்கூட பஸ்ஸில் உன் சீட்டை மாற்றித் தந்தார்களா, இல்லை இன்னும் தலையணை வைத்துத்தான் ஓட்டுகிறாயா?

கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி. ஆர்வில் டெஷ் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போயிருந்தோம். சர்ச்சில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். என் வாயில் மீன் முள் சிக்கியிருந்த நேரம் பார்த்து, "ஆல்வினா, நாம எதுக்கு ரெண்டு வீட்டு வாசல்ல தனித்தனியா பனி தள்ளிக்கிட்டு இருக்கணும்?" என்றார். முள்ளைத் துப்பிவிட்டுச் சரி என்றேன். அறுபத்திரண்டு வயதில் இப்படிச் சந்தோஷமாக இருப்பதை எழுதவே பயமாக இருக்கிறது, கண்ணு. அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 7, சனிக்கிழமை சர்ச் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு சங்கடம். கல்யாண அனுமதி தரும் ஆபீசில் இருக்கும் பெண், உன் அப்பாவிடமிருந்து எனக்கு விவாகரத்து ஆன தீர்ப்பின் நகல் வேண்டும் என்கிறாள், கோர்ட் முத்திரையோடு. அது இல்லாமல் அனுமதி கிடையாது. என்னிடம் இருந்த காகிதம் வீடு மாறி மாறி எங்கே போனதோ தெரியவில்லை. 1951-ல் நடந்தது. நம் ஊர் இருக்கும் டன்பார் கவுண்டி கோர்ட்டில் கேட்டு ஒரு நகல் வாங்கி அனுப்பு. கலிபோர்னியாவில் இருக்கும் உன் அப்பாவைக் கேட்கலாமே என்று மட்டும் சொல்லாதே. எமிலிடம் போய்க் கேட்பதைவிட நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிடுவேன்.

நம்மூர்ப் பேப்பர் வாராவாரம் தபாலில் வருகிறது. கோர்ட் செய்தியில் உன் பெயரைப் பார்த்தேன், காரை வேகமாக ஓட்டியதற்கு அபராதமாம். அதைச் சர்ச் விருந்து அறிவிப்புக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். படிக்காதவன் யாரும் இருக்கமாட்டான்.

மாப்பிள்ளை லைலுக்கு என் அன்பைச் சொல்.

உன் அம்மா,
ஆல்வினா


டன்பார், நெப்ராஸ்கா,
மார்ச் 15

கல்யாணப் பெண்ணுக்கு, மகளின் அன்பு.

என் முதுகு இருக்கிறது, தலையணையும் இருக்கிறது. உன் முழங்காலைக் கல்யாணத்துக்குள் சரிசெய்து வை. ஆர்வில் நடனமாடக் கூப்பிட்டால் என்ன செய்வாய்?

கடிதத்தை பஸ்ஸில் உட்கார்ந்துதான் படித்தேன். சத்தமாகச் சிரித்ததில் முன் சீட்டுப் பிள்ளைகள் பயந்துவிட்டன. எனக்கு ரொம்பச் சந்தோஷம் அம்மா. அவர் பல் சொந்தப் பல்லா என்று மட்டும் எழுது.

கோர்ட்டுக்குப் போனேன். எனக்கு ஓய்வு கிடைப்பது மத்தியானம்தான். அவர்கள் சாப்பிடக் கதவைப் பூட்டுவதும் அப்போதுதான். மறுநாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பஸ்ஸையே கோர்ட் வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். கிளார்க் பெர்னடெட் உனக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து சர்ச் பாட்டுக் குழுவில் தொண்டை கிழியப் பாடுவாளே, அவளேதான். வழக்குப் போட்டவர்கள் பெயருக்கு ஒரு தடிப் புத்தகம், யார்மேல் போட்டார்களோ அவர்கள் பெயருக்கு இன்னொன்று. ஹாவெல்கா என்று இரண்டிலும் தேடினேன். ஒரு ஹாவெல்கா இருந்தார், பக்கத்து வயல்காரனின் பன்றிகள் வேலியை உடைத்ததற்கு வழக்குப் போட்டவர். நீ இல்லை.

"என்னடி மார்லிஸ், உங்கம்மாவுக்கு விவாகரத்தே ஆகலையா?" என்று பெர்னடெட் அந்தப் பாட்டுக் குரலிலேயே கேட்டாள். வரி கட்ட வந்திருந்த நாலு விவசாயிகளும் திரும்பிப் பார்த்தார்கள். இவளிடம் ரகசியம் சொல்வதும் சர்ச் மணியிடம் சொல்வதும் ஒன்று.

வருடம் சரிதானா என்று யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்லிஸ்


விஸ்கான்சின்,
மார்ச் 23

அன்பு மார்லிஸுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ரத்தாகாமல் எப்படி இருக்கும்? நீதிபதி எதிரே இந்தக் காலால்தான் நின்றேன். அவருக்கு ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதுகூட நினைவிருக்கிறது.

நான் பிறந்த வீட்டுப் பெயரான டூஷெக் என்று தேடிப் பார். எங்காவது மாற்றி எழுதி வைத்திருப்பார்கள்.

ஆர்விலிடம் சொன்னேன். "அப்போ நான் அடுத்தவன் பெண்டாட்டியையா மீன் சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன்?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கேட்ட பற்களில் பாதி அவருடையவை.

லைலைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லையே? வேலை அதிகமா?

அம்மா


டன்பார்,
ஏப்ரல் 9

அன்பு அம்மாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. உனக்குத் தூக்கம் வந்ததா?

டூஷெக் என்றும் தேடியாயிற்று. 1948-லிருந்து 1956 வரை ஒரு பக்கம் விடவில்லை. பழைய வழக்குக் கட்டுகள் கொஞ்சம் பழைய ஜெயிலின் மாடியில் கிடக்கின்றன. பெர்னடெட் சாவியைக் கையில் கொடுத்து, "போய்ப் பாரு, புறா எச்சம்தான் அதிகம்" என்றாள். அது உண்மைதான். இரண்டு நாள் தும்மினேன்.

பெர்னடெட் கடைசியில் என்ன சொன்னாள் தெரியுமா? "காகிதம் கிடைக்கிற வரைக்கும் சட்டப்படி உங்கம்மா எமில் பெண்டாட்டிதான். என்மேல கோபப்படாதே, சட்டத்துமேல கோபப்படு." நான் சட்டத்தின்மேல் கோபப்படவில்லை, அவள்மேல்தான் கோபப்பட்டேன்.

அம்மா, கையெழுத்துப் போட்ட நீதிபதியின் ஜலதோஷம் உனக்கு நினைவிருக்கிறது. அப்படியானால் காகிதம் எங்கேயோ இருக்கிறது. நீ எனக்குச் சொல்லாதது ஏதாவது உண்டா? ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சொன்னால் நான் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன்.

மார்லிஸ்


விஸ்கான்சின்,
ஏப்ரல் 20

என் செல்லத்துக்கு,

தும்மல் நின்றதா? இஞ்சி போட்டுக் குடி.

சொல்லாதது உண்டு. அந்த வழக்கு நம் டன்பார் கவுண்டியில் நடக்கவில்லை. பக்கத்து ஆல்ட்ரிச் கவுண்டியில் நடந்தது. எங்கே நடந்தாலும், கல்யாணம் பதிவான கவுண்டிக்குத் தீர்ப்பை அனுப்பி வைப்பார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் உன்னை அங்கே அனுப்பினேன். ஆல்ட்ரிச் என்று சொன்னால் ஏன் அங்கே என்று கேட்பாயே, அதுவும் ஒரு காரணம்.

உனக்கு ஆறு வயது. லுட்மிலா சித்தி வீட்டில் ஒரு கோடை முழுக்க இருந்தோமே, அவளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று? குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் மாமியார் இருந்தாள். நான் போனது அவள் விலாசத்துக்காக. அங்கே குடியிருந்தால் அங்கே வழக்குப் போடலாம். அங்கே போட்டால் நம்மூர்ப் பேப்பரில் வராது. அப்போது எல்லாரும் செய்ததுதான், மார்லிஸ். ஆல்ட்ரிச் பெண்கள் நம் கவுண்டிக்கு வருவார்கள், நாங்கள் அங்கே போவோம். கவுண்டி எல்லைப் பாலத்தில் எதிரெதிரே பார்த்தாலும் பேசிக்கொள்ள மாட்டோம்.

லுட்மிலா சாட்சி சொன்னாள். சொன்ன கையோடு குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடிவிட்டாள். தீர்ப்புக்காக வெளியே பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எமில் வரவேயில்லை. என்னைக் கடந்து போனவர்கள் எல்லாரும் எனக்குத் தெரியாதவர்கள். அதற்காகத்தானே அங்கே போனேன்? ஆனால் அன்றைக்கு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையே என்று என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆர்விலிடம் நேற்றுத்தான் சொன்னேன்.

ஆல்ட்ரிச்சில் தேடு. முடியுமா?

அம்மா


டன்பார்,
ஏப்ரல் 24

அன்பு அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது, உடனே எழுதுகிறேன். நான் நலம், லைல் நலம். நீ கவலைப்படுவதை நிறுத்து.

அந்தக் கோடையை நான் விடுமுறை என்று நினைத்திருந்தேன். சித்தி வீட்டு ஆப்ரிகாட் ரொட்டியும் வாத்துக் குட்டையும்தான் என் ஞாபகத்தில் இருக்கின்றன. நீ ராத்திரி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கியதும் ஞாபகமிருக்கிறது. புது இடம், எனக்குப் பயமாக இருக்கும் என்று நீ கட்டிக்கொண்டதாக நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆல்ட்ரிச் போகிறேன். காகிதம் அங்கே இருந்தால் கையோடு கொண்டுவருவேன். அங்கே கிளார்க் ஆபீஸ் இப்போது பெரிய கட்டடத்தில் இல்லை, வங்கிக்குப் பின்னால் இருக்கிறது. நம்மூர் மாதிரி மத்தியானம் பூட்டமாட்டார்கள். கோரா என்று ஒருத்தி இருக்கிறாள், முதலில் நிமிர்ந்தே பார்க்கமாட்டாள், நிதானமாகக் கேட்டால் எல்லாம் எடுத்துத் தருவாள். வரவேற்பில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் நீராவிக் குழாய் ஓடுகிறது, பத்து நிமிஷம் உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும்.

தூங்கு அம்மா.

மார்லிஸ்


டன்பார்,
ஏப்ரல் 30

அம்மா!

கிடைத்துவிட்டது. நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. ஆல்வினா ஹாவெல்கா வழக்குப் போட்டவர், எமில் ஹாவெல்கா எதிராளி. முத்திரை வைத்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ எமில் பெண்டாட்டி இல்லை. முப்பத்தைந்து வருடமாக இல்லை. பெர்னடெட்டிடமும் சொல்லிவிட்டேன், ஆகவே ஊருக்கே சொன்ன மாதிரி.

கட்டு முழுவதையும் படித்தேன். கோரா மேஜையில் வைத்துவிட்டு, "யார் வேணும்னாலும் படிக்கலாம், இங்கேயே உக்காந்து படிங்க" என்றாள். நீ என்னென்ன கேட்டாய் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. வீடு வேண்டாம், நிலம் வேண்டாம். மகளும் தையல் மெஷினும் மட்டும் போதும் என்று கேட்டிருக்கிறாய். வக்கீல், வீட்டையும் கேட்கலாம் என்று சொன்னதற்கு நீ மறுத்துவிட்டதாகக் குறித்திருக்கிறார்கள். அங்கேயே அழுதேன். கோரா காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளிவைத்தாள். உனக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் அப்போது பெரியவளாக இருந்திருந்தால் அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு விஷயம். ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூட வேலை கொஞ்சம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வர முடியாமல் போகலாம். கண்டிப்பாகப் பார்க்கிறேன். என்னை எதிர்பார்த்து எதையும் நிறுத்திவைக்காதே.

ஆர்விலுக்கு என் வணக்கம். பல்லுக்கும் சேர்த்து.

மார்லிஸ்


டன்பார்,
மே 16

அன்பு அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நகல் வந்து சேர்ந்ததா? இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. உன் வழக்கை நான் படித்ததில் வருத்தமா? படித்திருக்கக் கூடாது என்றால் சொல், நான் மன்னிப்புக் கேட்கிறேன். அனுமதி ஆபீசில் காகிதம் சரியில்லை என்றார்களா? ஒரு வரி போடு. தபால்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

மார்லிஸ்


விஸ்கான்சின்,
மே 21

என் மகளுக்கு,

நான் சுகம். நகல் வந்தது. அனுமதியும் வாங்கியாயிற்று. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான். பிறகு உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். பள்ளிக்கூடம் மே மாதமே மூடிவிடும். ஜூனில் யாரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறாய்? லைலைப் பற்றி நான் கேட்டதற்குக் கடைசியில் இரண்டே வார்த்தை எழுதினாய். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சு. செவ்வாய்க்கிழமைதான் ஆல்ட்ரிச் போகப்போகிறேன் என்று எழுதிய கடிதத்திலேயே, அங்கே உட்கார்ந்தால் முதுகு வேகும் என்றும் எழுதியிருக்கிறாயே. உன் முதுகு அதற்கு முன்பே வெந்திருக்கிறது.

உனக்குப் போன் செய்ய நம்பர் சுற்றினேன், பாதியில் வைத்துவிட்டேன். "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால் ஆல்ட்ரிச் கோர்ட்டுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வழக்கு இருக்கான்னு பார்க்கணும்" என்றேன்.

"நீங்க யாரு?" என்றாள் கோரா.

"யாரா இருந்தா என்ன? யார் வேணும்னாலும் கேக்கலாமில்ல?"

"கேக்கலாம். பேரைச் சொல்லுங்க."

"மார்லிஸ் பெக்மன்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வழக்கே இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். "இருக்கு. மார்லிஸ் பெக்மன், லைல் பெக்மன்மேல போட்டது. பிப்ரவரியில போட்டிருக்காங்க. விசாரணை ஜூன் அஞ்சு, வியாழக்கிழமை காலையில" என்றாள்.

பென்சிலை எடுத்துத் தேதியை எழுதினேன். "ஹலோ? குறிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "குறிச்சுக்கிட்டேன். நான் அவளோட அம்மா" என்றேன். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு தடவையும் தனியாத்தாம்மா வராங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. லைல்மேல் வந்தது, உன்மேல் வந்தது, எல்லாவற்றையும்விட என்மேல் வந்தது. பக்கத்துக் கவுண்டிக்குப் போய் ஒளிந்துகொள்ள உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அது என் ரத்தம்தானே. பிப்ரவரியில் நீ வழக்குப் போட்டிருக்கிறாய், மார்ச்சில் நான் மீன் முள்ளைப் பற்றி எழுதுகிறேன். நீயும் சிரித்துப் பதில் எழுதினாய். அந்தச் சிரிப்பை நான் அப்படியே நம்பினேன். என் கல்யாணக் காகிதத்தைத் தேடி நீ அந்தக் கோர்ட்டுக்கே போய் நின்றாயேடி.

ஆர்விலிடம் எல்லாம் சொன்னேன். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "நான் எங்கேயும் ஓடிடமாட்டேன். நீ போ. அவ பக்கத்துல போய் உக்காரு" என்றார். நல்ல மனிதர்.

ஜூன் 4 சாயங்காலம் அங்கே வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். என்னிடம் நீ ஒன்றும் விளக்க வேண்டாம். வர வேண்டாம் என்றும் எழுதாதே, எழுதினாலும் வருவேன். சர்ச்சுக்கு வேறு தேதி கேட்கப் போகிறேன்.

அம்மா


டன்பார்,
மே 27

அம்மாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

லைல் நவம்பரில் போய்விட்டான். ஆல்ட்ரிச்சில் ஒரு வீட்டில் இருக்கிறான், தனியாக இல்லை. அவன் அங்கே இருப்பதால் வழக்கை அங்கே போட முடிந்தது. பேப்பரில் வந்தால் நீ தபாலில் படித்துவிடுவாய் என்பதுதான் காரணம். ஊருக்காக இல்லை, உனக்காகத்தான் ஒளிந்தேன். கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு ஆர்விலைப் பற்றி உன் கடிதம் வந்தது. இத்தனை வருடத்தில் நீ அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. அதன்மேல் என் அழுகையைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு பஸ் கொட்டகையில் கதவை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நவம்பரிலிருந்து ஒரு தடவைகூட அப்படி அழவில்லை. இப்போது கொஞ்சம் மூச்சு வருகிறது.

சர்ச்சில் வேறு தேதி கேட்காதே. கேட்டிருந்தால் உடனே போய்ப் பழைய தேதியையே வாங்கு. வியாழக்கிழமை வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். முடிந்ததும் காரில் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் உன்னை ஆர்விலிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். சனிக்கிழமை உன் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அவரிடம் சொல்லு. நல்ல உடுப்பு எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு நாளும் அதையே போட்டுக்கொள்கிறேன்.

பெர்னடெட்டிடம் இன்றைக்கு நானே போய்ச் சொன்னேன், எனக்கும் லைலுக்கும் முடிந்துவிட்டது என்று. அவள் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுது. நான் வந்து நிற்கிறேன். வந்துவிடு அம்மா.

உன் மார்லிஸ்